இரண்டு மதில்களுக்கு நடுவே: சிறு பிள்ளைகளுக்கு அலேசியா முற்றுகை

ரோமானியர்களின் போர்களைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்ல முனைகிறவர்கள் பெரும்பாலும் வாளையும் தலைக்கவசத்தையும் முதலில் காட்டுகிறார்கள். முற்றுகையைச் சொல்வதற்கு அது பொருத்தமான தொடக்கம் அன்று என்பது என் உறுதியான எண்ணம். முற்றுகையின் பெரும்பகுதி மண் வெட்டும் வேலை, மரம் சுமக்கும் வேலை. மிச்சம், களஞ்சியத்தில் இருக்கும் தானியம் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்கிற கணக்கு. ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் போர்த்தந்திரம் விளங்காது. ஆனால் பள்ளம் தோண்டுவது என்றால் என்ன, பசி என்றால் என்ன என்பது நன்றாகவே விளங்கும். அந்த இரண்டையும் பற்றிக்கொண்டு நடந்தால், ஒரு பெரும் முற்றுகையை முழுமையாகவும் உண்மையாகவும் அவர்களுக்குச் சொல்லிவிட முடியும்.

அதற்காக நான் தேர்ந்துகொண்டது கி.மு. 52ஆம் ஆண்டில் நடந்த அலேசியா முற்றுகை. இதைவிட நீண்ட ரோமானிய முற்றுகைகள் உண்டு; கார்த்தேஜ் நகரம் கி.மு. 149 முதல் 146 வரை வளைக்கப்பட்டுக் கிடந்தது. இதைவிட வேடிக்கையானவையும் உண்டு. சிராகூஸ் நகரைக் காக்க ஆர்க்கிமிடீஸ் அமைத்த பொறிகளின் கதையைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் பிளந்து நிற்கும். ஆனாலும் அலேசியாவுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. அதன் வடிவத்தை ஒரு வெற்றுத் தாளில் ஒரு நிமிடத்தில் வரைந்துவிடலாம்: நடுவில் ஒரு குன்று, குன்றைச் சுற்றி ஒரு வளையம், அந்த வளையத்தைச் சுற்றி இன்னொரு வளையம், அதற்கும் வெளியே ஒரு பெரும்படை. வளைத்தவர்களே வளைக்கப்பட்டு நின்ற இந்த நிலையைப் படத்தில் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்; பிறகு அவர்களுடைய கேள்விகளே கதையை நடத்திச் செல்கின்றன.

யார், எங்கே என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இன்றைய பிரான்ஸ் நாடும் அதை ஒட்டிய சில பகுதிகளும் அன்று கௌல் என்று அழைக்கப்பட்டன. அங்கே பல இனக்குழுக்கள் வாழ்ந்தன; அவர்களுக்குள் உறவும் இருந்தது, சண்டையும் இருந்தது. கி.மு. 58இல் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் அந்த நாட்டுக்குள் படையுடன் வந்தார், பிறகு ஆண்டுதோறும் அங்கே போரிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, அர்வெர்னி என்ற இனத்தைச் சேர்ந்த வெர்சிங்கெட்டோரிக்ஸ் என்ற இளம் தலைவர் பல இனக்குழுக்களை ஒன்றுதிரட்டி எதிர்த்து நின்றார். இந்த நீண்ட பெயரைப் பிள்ளைகள் முதலில் தட்டுத்தடுமாறிச் சொல்வார்கள், பிறகு விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே பெயரைச் சுருக்க வேண்டாம்.

இந்த இருவருமே தானியத்தின் வலிமையை நன்கு அறிந்தவர்கள் என்பதை அடுத்ததாகச் சொல்ல வேண்டும். ரோமானியப் படை போகும் வழியெங்கும் உணவு தேடியாக வேண்டும் என்பதை உணர்ந்த வெர்சிங்கெட்டோரிக்ஸ், அது கிடைக்காதபடி தம் பக்கத்து ஊர்களையே எரிக்கச் செய்தார்; பிடூரிகஸ் என்ற இனத்தாரின் நாட்டில் மட்டும் ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் கொளுத்தப்பட்டன. பசியை ஆயுதமாக முதலில் எடுத்தவர் அவர்தான். ஜெர்கோவியா என்ற மலைநகரில் சீசரைத் தோற்கடித்துப் பின்வாங்கவும் வைத்தார். ஆனால் அதன்பின் நடந்த ஒரு குதிரைப்படைச் சண்டையில் அவருடைய வீரர்கள் சிதறிப்போகவே, எஞ்சிய படையுடன் அவர் அலேசியாவுக்குள் புகுந்துகொண்டார். மண்டூபி என்ற சிறிய இனத்தாரின் ஊர் அது.

அந்த ஊர் இருந்த குன்றை இன்று மோன் ஒக்ஸ்வா என்று அழைக்கிறார்கள். பர்கண்டிப் பகுதியில் இருக்கிறது. உச்சி மேசைபோல் பரந்து தட்டையாக இருக்கும், சரிவுகள் செங்குத்தானவை. இருபுறமும் இரண்டு சிற்றாறுகள் ஓடுகின்றன; மேற்கே ஒரு சமவெளி விரிந்து கிடக்கிறது; மற்ற எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய அதே உயரமுள்ள குன்றுகள் சூழ்ந்திருக்கின்றன. ஏறிச் சென்று தாக்கினால் மேலே இருப்பவர்கள் எறியும் கல்லுக்கும் ஈட்டிக்கும் இரையாக வேண்டியதுதான். உள்ளே 80,000 வீரர்கள் இருந்ததாகச் சீசர் எழுதியிருக்கிறார். ஏறித் தாக்கக் கூடாது, எவரையும் வெளியே விடாமல் சுற்றி அடைத்துவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, வேலையைச் சொல்ல வேண்டும். ரோமானியக் காலாட்படை வீரன் சண்டைக்காரன் மட்டும் அல்லன், நல்ல மண்வேலைக்காரனும் ஆவான். பகை நாட்டில் நடைபயணம் செல்லும்போது ஒவ்வொரு நாள் மாலையிலும் பாசறையைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, தோண்டிய மண்ணைக் கரையாகக் குவித்து, அதன்மேல் கூர்மரங்களை நட்ட பிறகுதான் அவன் உறங்கப் போவான். அவனுடைய மூட்டையில் ஒருபுறம் கோடரியாகவும் மறுபுறம் குத்துக்கோலாகவும் பயன்படும் ஒரு கருவி இருக்கும். அலேசியாவில் அந்தக் கருவி செய்த வேலையைப் பார்த்தால், அதுதான் அவனுடைய முதன்மையான ஆயுதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குன்றைச் சுற்றிய முதல் வளையத்தின் நீளம் 11 ரோமானிய மைல், அதாவது ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பெரியவர் ஒருவர் நிற்காமல் நடந்தாலும் ஒரு சுற்று வர நான்கு மணி நேரம் ஆகும். முதலில் 20 அடி அகலத்தில், பக்கங்கள் நேர்செங்குத்தாக நிற்கும்படி ஒரு பள்ளம் வெட்டினார்கள். மதில் கட்டுகிறவர்கள்மீது உள்ளே இருப்பவர்கள் திடீரென்று பாய்ந்துவிடாமல் தடுப்பதே அந்தப் பள்ளத்தின் வேலை. அதற்குப் பின்னால் சற்றுத் தள்ளி, 15 அடி அகலத்தில் மேலும் இரண்டு அகழிகளை வெட்டி, அவற்றுள் உட்புறத்து அகழியில் தாழ்வான இடங்களில் ஆற்று நீரைத் திருப்பிவிட்டார்கள். அதற்கும் பின்னால் 12 அடி உயரத்துக்கு மண்ணும் மரமுமாக ஒரு மதில் எழுந்தது. மதிலின் மண்கரையும் மரத்தடுப்பும் சேரும் இடத்தில் மான்கொம்புபோல் கிளைத்த கூர்மரங்கள் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. 80 அடிக்கு ஒன்றாகக் காவற்கோபுரங்கள் நின்றன. கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளையாக இருந்தால், ஒரு ரோமானிய மைலுக்கு 5,000 அடி என்று சொல்லிக் கோபுரங்களை எண்ணச் சொல்லலாம். ஏறத்தாழ எழுநூறு வரும். அத்தனை கோபுரங்களுக்கும் எத்தனை மரங்களை வெட்டியிருப்பார்கள் என்று கேட்டால், சூழ்ந்திருந்த காடு எப்படி மொட்டையாகியிருக்கும் என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும்.

வேலை முடிவதற்குள், ஓர் இரவில், அடைபடாமல் இருந்த இடைவெளி வழியாக வெர்சிங்கெட்டோரிக்ஸ் தம் குதிரைவீரர்கள் அனைவரையும் வெளியே அனுப்பிவிட்டார். அவரவர் இனத்தாரிடம் போய், ஆயுதம் ஏந்தக்கூடிய ஒவ்வொருவரையும் அழைத்து வருமாறு சொல்லி அனுப்பினார். உள்ளே முப்பது நாளைக்குத்தான் தானியம் இருக்கிறது, சிக்கனமாகப் பகிர்ந்தால் இன்னும் சில நாள் தாங்கலாம் என்பதும் அவர் சொன்ன செய்தியில் இருந்தது. பிறகு ஊரில் உள்ள தானியம் முழுவதையும் தம்மிடம் கொண்டுவரச் சொல்லி, கொஞ்சங் கொஞ்சமாக அளந்து கொடுக்கத் தொடங்கினார். மறைத்து வைத்தவர்களுக்கு மரண தண்டனை என்று அறிவித்திருந்தார்.

தப்பி வந்தவர்களிடமிருந்தும் பிடிபட்டவர்களிடமிருந்தும் இந்தச் செய்தி சீசருக்குத் தெரிந்துவிட்டது. அதாவது, இன்னும் சில வாரங்களில் தம் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரும்படை வந்து நிற்கப் போகிறது என்பது தெரிந்துவிட்டது. அப்போது அவர் செய்தது என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஓடிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். உடனே தாக்கினார் என்று சிலர் சொல்வார்கள். அவர் இன்னொரு மதில் கட்டினார். முதல் வளையத்துக்கு வெளியே, வெளிப்பக்கத்தைப் பார்த்தவாறு, 14 ரோமானிய மைல் நீளத்தில், அதாவது ஏறத்தாழ 21 கிலோமீட்டரில் இரண்டாவது வளையம் உருவானது. இரண்டுக்கும் நடுவே ரோமானியப் பாசறைகள். லீஜியன் என்ற பெரும் படைப்பிரிவுகள் பத்துக்குக் குறையாமல் அங்கே இருந்தன. முப்பது நாளைக்கு வேண்டிய தானியத்தையும் கால்நடைத் தீவனத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுமாறு சீசர் தம் படைக்கும் ஆணையிட்டார். உள்ளே அடைத்தவனும் அடைபட்டவனும் ஆளுக்கு முப்பது நாள் உணவை எண்ணிக்கொண்டு எதிரெதிரே இருந்த இந்த நிலைதான் அலேசியாவின் உயிர்ப்பகுதி. தாளில் வரைந்த படத்தை மீண்டும் எடுத்துவைத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே ரோமானியர்களைப் பிள்ளையின் கையாலேயே வரையச் சொல்லுங்கள்.

சீசர் அமைத்த பொறிகளைப் பற்றிச் சொல்லலாமா, கூடாதா என்று சிலர் தயங்குவார்கள். சொல்லலாம் என்பதே என் கருத்து. ஆனால் அவை எதற்காக அமைக்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படையில் ஒரு பகுதியினர் மரமும் தானியமும் தேடித் தொலைவுக்குப் போயிருந்தார்கள். எனவே அவ்வளவு நீண்ட மதிலைக் குறைவான ஆட்களைக் கொண்டு காக்க வேண்டியிருந்தது. ஆள் இல்லாத குறையை நிலத்தைக் கொண்டு ஈடுசெய்தார்கள். ஐந்தடி ஆழமுள்ள பள்ளங்களில், நுனி சீவிய கிளைமரங்களை ஒன்றோடொன்று பிணைத்து ஐந்து வரிசையாக நட்டார்கள். அவற்றுக்கு முன்னால் மூன்றடி ஆழக் குழிகளை எட்டு வரிசையாகத் தோண்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கூர்மரத்தை நாட்டி, மேலே சுள்ளியும் தழையும் பரப்பி மறைத்தார்கள்; அந்தக் குழிகளின் வடிவத்தைப் பார்த்து வீரர்கள் அவற்றுக்கு லில்லி மலர் என்று பெயர் வைத்தார்கள். இன்னும் முன்னால், இரும்புக் கொக்கி பதித்த சிறு கட்டைகளை மண்ணில் புதைத்தார்கள். குழிக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கால் குத்துப்பட்டு நடக்க முடியாமல் போகும், உயிரும் போகலாம் என்று நேராகச் சொல்லிவிட்டு மேலே போகலாம். அதற்குமேல் வர்ணிக்க வேண்டியதில்லை.

முப்பது நாள் கழிந்தது. உதவிப்படை வரவில்லை. களஞ்சியம் காலியாகிவிட்டது. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் பிள்ளைகளுக்கான பல நூல்கள் விட்டுவிடுகின்றன, நான் விடுவதில்லை. போரிட முடியாதவர்களையெல்லாம் ஊரைவிட்டு வெளியேற்றுவது என்று உள்ளே இருந்த தலைவர்கள் முடிவு செய்தார்கள். அந்த ஊரின் சொந்தக்காரர்களான மண்டூபி மக்கள், அதாவது அந்தப் படைக்குத் தங்கள் ஊரில் இடம் கொடுத்தவர்கள், தங்கள் மனைவி மக்களோடு வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் ரோமானிய மதிலடிக்கு வந்து, தங்களை அடிமைகளாக ஏற்றுக்கொண்டாவது சோறு போடுமாறு அழுது மன்றாடினார்கள். சீசர் மதில்மேல் காவலர்களை நிறுத்தி, அவர்களை உள்ளே விடக் கூடாது என்று தடுத்துவிட்டார். இதை எழுதியவரும் சீசரேதான். ஓரிரு வரிகளில் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். அவர்கள் ஊருக்கும் பாசறைக்கும் நடுவே துன்புற்று மடிந்தார்கள் என்று பிற்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ பதிவு செய்திருக்கிறார்.

இதை ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானதே. குன்றையும் இரண்டு வளையங்களையும் வரைந்து காட்டிவிட்டு, ஊரில் இருந்த குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று பிள்ளை கேட்கும்போது வாய்மூடி இருப்பதோ, எல்லாரும் நலமாக இருந்தார்கள் என்று பொய் சொல்வதோ எனக்கு ஏற்புடையது அன்று. ஆகவே நான் மூன்று செய்திகளைச் சொல்கிறேன்: அவர்களுக்கு இரண்டு பக்கமும் கதவு திறக்கவில்லை, சாப்பிட ஒன்றும் இல்லை, அவர்கள் இறந்துபோனார்கள். திறந்திருக்கலாம் என்று பிள்ளை சொன்னால், ஆம், திறந்திருக்கலாம் என்றே நானும் சொல்கிறேன். சீசரிடமும் தானியம் அளவாகத்தான் இருந்தது என்பதையும், ஊருக்குள் இருந்த தலைவர்கள் தங்கள் மக்களையே வெளியே தள்ளினார்கள் என்பதையும் கேட்டால் சொல்லலாம். ஆனால் அவற்றைச் சமாதானமாகச் சொல்லக் கூடாது. இந்தப் பகுதியைக் கேட்டதும் சில பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள். அவர்களை அவசரப்படுத்தி அடுத்த சண்டைக்கு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை, மறுநாள் தொடரலாம்.

பிறகு உதவிப்படை வந்தது. காலாட்கள் மட்டும் 2,40,000 பேர், குதிரைவீரர் 8,000 பேர் என்பது சீசர் தரும் கணக்கு. அது மிகைப்படுத்தப்பட்டது என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். பிள்ளைகளிடம், ரோமானியர்களைவிடப் பல மடங்கு என்று சொன்னால் போதும். மூன்று முறை தாக்குதல் நடந்தது. முதல் நாள், சமவெளியில் நண்பகல் முதல் மாலை வரை குதிரைப்படைச் சண்டை; சீசரின் பக்கம் நின்ற ஜெர்மானியக் குதிரைவீரர்கள் வென்றார்கள். ஒரு நாள் இடைவெளிக்குப் பிறகு நள்ளிரவில், ஏணியும் கொக்கியும் கொண்டுவந்து வெளி மதிலைத் தாக்கினார்கள். இருட்டில் முன்னேறியவர்கள் மறைகுழிகளில் விழுந்தார்கள், விடிவதற்குள் திரும்பினார்கள்.

மூன்றாவது தாக்குதலைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் வளையத்தின் குறை வெளிப்பட்டது. வடக்கே இருந்த ஒரு குன்று மிகப் பெரியதாக இருந்ததால் ரோமானியர்களால் அதை வளையத்துக்குள் சேர்க்க முடியவில்லை. அதன் சரிவிலேயே ஒரு பாசறையை அமைத்திருந்தார்கள். வெர்சிங்கெட்டோரிக்ஸின் உறவினரான வெர்காசிவெல்லானஸ் 60,000 வீரர்களை இரவோடிரவாக நடத்திச் சென்று, அந்தக் குன்றின் பின்னால் மறைந்து இளைப்பாறச் செய்து, நண்பகலில் மேலிருந்து பாய்ந்தார். அதைக் கண்ட வெர்சிங்கெட்டோரிக்ஸ் உள்ளிருந்து இறங்கி வந்து உள் மதிலைத் தாக்கினார். நடுவில் நின்ற ரோமானிய வீரர்களுக்கு முன்னாலும் கூச்சல், பின்னாலும் கூச்சல். முகம் தெரியாத முதுகுப்புறச் சத்தமே அவர்களை மிகவும் கலங்கடித்தது என்று சீசர் எழுதுகிறார். லாபியீனஸ் என்ற துணைத்தளபதியை லீஜியனைவிடச் சிறிய ஆறு படைப்பிரிவுகளுடன் அங்கே அனுப்பிவிட்டு, இறுதியில் சீசரும் தம்முடைய நிறம் தெரியும் மேலங்கியுடன் களத்துக்கு வந்தார். அவர் வெளியே சுற்றி அனுப்பிய குதிரைப்படை கௌல் வீரர்களின் பின்னால் தோன்றியதும் தாக்குதல் உடைந்தது. வெளியே இருந்த பெரும்படை கலைந்து ஓடியது. உள்ளே இருந்தவர்கள் மீண்டும் குன்றின்மேல் ஏறிக்கொண்டார்கள், உணவில்லாமல்.

மறுநாள் வெர்சிங்கெட்டோரிக்ஸ் தம்மவர்களைக் கூட்டினார். தாம் தமக்காகப் போரிடவில்லை, அனைவரின் விடுதலைக்காகவே போரிட்டதாகச் சொல்லி, தம்மைக் கொன்றோ உயிருடன் ஒப்படைத்தோ ரோமானியர்களை அமைதிப்படுத்தலாம் என்றார். சீசரின் நூலில் சரணடைதல் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியதில், வெர்சிங்கெட்டோரிக்ஸ் அழகிய ஆயுதங்களை அணிந்து, அலங்கரித்த குதிரையில் ஏறி வந்து, அமர்ந்திருந்த சீசரை ஒருமுறை வலம்வந்து, இறங்கி, ஆயுதங்களைக் களைந்து, அவருடைய காலடியில் பேசாமல் உட்கார்ந்தார். ஓவியர்கள் விரும்பித் தீட்டிய காட்சி இதுதான், பிள்ளைகளுக்கும் இதுவே பிடிக்கும். ஆனால் புளூட்டார்க் அதற்கு நூறாண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பின் எழுதியவர் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

அதன் பின்விளைவுகளையும் மறைக்க வேண்டாம். ஈதுயி, அர்வெர்னி என்ற இரண்டு இனத்தாரைத் தவிர்த்து, சிறைப்பட்ட மற்றவர்களை வீரனுக்கு ஓர் ஆள் என்று அடிமைகளாகச் சீசர் பங்கிட்டுக் கொடுத்தார். ரோமில் இருபது நாள் நன்றித் திருவிழா அறிவிக்கப்பட்டது. வெர்சிங்கெட்டோரிக்ஸ் ரோமில் சிறைவைக்கப்பட்டு, கி.மு. 46இல் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் காட்டப்பட்டபின் கொல்லப்பட்டார்.

இவையெல்லாம் உண்மையிலேயே நடந்தனவா என்று கேட்காத பிள்ளை இல்லை, கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும். முற்றுகையைப் பற்றி விரிவாக எழுதிய நேர்ச்சாட்சி சீசர் ஒருவரே. அவரும் வென்றவர், தம்மைப் படர்க்கையில் குறிப்பிட்டுத் தம் புகழ் ரோமில் பரவ எழுதியவர். ஆகவே அவர் சொன்னதை மண்ணிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 1839இல் அந்தக் குன்றில் அலிசியா என்ற ஊர்ப்பெயர் பொறித்த கல்வெட்டு கிடைத்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆணையால் 1861 முதல் 1865 வரை அங்கே அகழாய்வு நடந்தது. வெர்சிங்கெட்டோரிக்ஸின் பெரிய சிலை ஒன்றும் அந்தக் குன்றின்மேல் நிறுவப்பட்டது. 1991 முதல் 1997 வரை பிரெஞ்சு, ஜெர்மானிய ஆய்வாளர்கள் சேர்ந்து மீண்டும் தோண்டினார்கள். மரமதில்கள் மக்கிப் போய்விட்டன. ஆனால் தோண்டிய பள்ளம் ஒன்று மறுபடி நிரம்பினாலும், உள்ளே போன மண் பக்கத்து மண்ணின் நிறத்தில் இருப்பதில்லை. அதன்மேல் வளரும் பயிரும் வேறு உயரத்தில் வளர்வதால் வானிலிருந்து எடுத்த படங்களில் கோடுகளாகத் தெரிகிறது. அந்தக் கோடுகளைப் பின்பற்றித் தோண்டியபோது அகழிகளும் பொறிக்குழிகளும் வெளிப்பட்டன. வெர்சிங்கெட்டோரிக்ஸின் பெயர் பொறித்த நாணயங்களும், லாபியீனஸின் பெயர் சுருக்கமாகப் பதிந்த ஈயக் கவண்குண்டுகளும் கிடைத்தன.

அகழிகளின் அளவும் பொறிகளின் அமைப்பும் சீசர் எழுதியதைப்போல் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கவில்லை. நிலத்துக்கு ஏற்ப மாறியிருந்தன. அங்கே 2012இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் அருகில், ஏறத்தாழ 100 மீட்டர் நீளத்துக்கு இரண்டு மதில்களையும் அகழிகளோடு மறுபடியும் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் படங்களைப் பார்த்தபடி கோபுரங்களையும் குழி வரிசைகளையும் எண்ணிச் சீசரின் கணக்கோடு ஒப்பிடும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் தயங்காமல் ஒப்படைக்கலாம்.